நோட்ஸில் இல்லாத கேள்வி

கிண்ணியா,
14.06.2025

அன்பின் மச்சானுக்கு,

ஸலாத்துடன் சனூஸா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருப்பதை உங்கள் அறைத்தோழர் அர்ஷாக் பேஸ்புக்கில் போடும் படங்களில் பார்த்துக்கொள்கிறேன். கொஞ்சம் சதை வைத்திருக்கிறீர்கள். நீலச் சட்டை புதியது போல.

தாளில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புபவை நீங்கள் பார்த்ததும் நீலக் குறி காட்டுகின்றன. பிறகு ஒன்றும் நடப்பதில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் படித்தீர்களா என்பது எனக்குத் தெரியவராது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். லண்டன் விசாவுக்கான ஆங்கிலப் பேச்சுச் சோதனையில் நான் சித்தியடையவில்லை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் உங்களிடம் வந்துசேர ஏலாது என்பது உங்களுக்குத் தெரியும். சோதனையைத் திரும்பவும் எடுக்கலாம். எடுப்பதா, விடுவதா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

ஐந்து மாதமாகக் கிழமைக்கு மூன்று நாள் பாலம் தாண்டித் திருகோணமலைக்குப் போய்ப் படித்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரும்புக் கடையின் மேல்மாடியில் கலீலுர் றஹ்மான் சேர் வகுப்பு நடத்துகிறார். நாங்கள் பதினான்கு பெண்கள். எல்லோருடைய கணவர்மாரும் குளிர் நாடுகளில் இருக்கிறார்கள். கீழே இரும்பு வெட்டும் சத்தம் நின்ற நேரங்களில் பாடம் நடக்கும்.

சேரின் கொள்கைப்படி, ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லைத் தனியே வெளியே அனுப்பக்கூடாது. அதற்கென்று குறித்த வினைச்சொல் கூடப் போக வேண்டும். படுக்கையை 'மேக்' பண்ண வேண்டும். உடுப்புக் கழுவுவதை 'டூ' பண்ண வேண்டும். காலைச் சாப்பாட்டை 'ஹேவ்' பண்ண வேண்டும். கவனத்தை 'பே' பண்ண வேண்டும். பஸ்ஸையும் தடிமன் காய்ச்சலையும் ஒரே மாதிரி 'கேட்ச்' பண்ண வேண்டும். தச்சன் செய்து முடித்த கட்டிலை நாம் ஏன் தினமும் மேக் பண்ண வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன். "நிக்காஹ் முடிஞ்ச மாதிரிப் புள்ள இது. ஏன் இவருக்கு இவ என்டு இனிக் கேக்கப்படா. எழுதியாச்சி, பாடமாக்குங்க" என்றார். பாடமாக்கினேன்.

இந்தச் சோடிகளையெல்லாம் வைத்துச் சேர் ஒரு முழு நாளை எழுதிவைத்திருக்கிறார். பதினெட்டுப் பக்கம், போட்டோக்கொப்பி. அதற்கு நோட்ஸ் என்று பெயர். அந்த நாளில் கணவர் ஏழு மணிக்கு எழும்பிப் படுக்கையை மேக் பண்ணுகிறார். இருவரும் பாணும் ஜாமும் ஹேவ் பண்ணுகிறோம். அவர் பஸ்ஸைக் கேட்ச் பண்ணுகிறார். பின்னேரம் நாயைக் கூட்டிக்கொண்டு இருவரும் ஆற்றங்கரையில் நடக்கிறோம். சோதிப்பவர் எதைக் கேட்டாலும் இந்த நாளுக்குள் இருந்துதான் பதில் எடுக்க வேண்டும். வெளியே போனால் பிழை வருமாம். நாலு வருடமாகக் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் லண்டன் போன பெண்கள் எல்லோரும் இந்த ஒரே நாளைத்தான் வாழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் வரும் உங்கள் உம்மா, நான் பாடமாக்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு நாய் மட்டும் விளங்கிவிட்டது. "நாயா? எங்கட ஊட்டுக்கயா? ஆடு என்டு மாத்துங்க மகள்" என்றார். சேரிடம் கேட்டேன். "ஆட்ட ஒருத்தரும் வோக் கூட்டிப் போறல்ல புள்ள. வெள்ளக்காரன் மாக்ஸ் வெட்டுவான்" என்றார். நாய் அப்படியே இருந்தது.

சோதனை கொழும்பில், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய புதன்கிழமை. என்னோடு படிக்கும் சாம்பல்தீவு நிரோஜினியும் நானும் முதல்நாளே போய் அவருடைய சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். அன்றைக்கு எங்கள் வகுப்பிலிருந்து சோதனைக்கு ஏழு பேர். நிரோஜினி எனக்கு முன்னால் போய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார். "நாய்க்குப் பேர் கேக்கிறா அக்கா. டைகர் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார். அவர் வீட்டில் உண்மையிலேயே ஒரு நாய் உண்டு. அதை யாரும் நடக்கக் கூட்டிப்போவதில்லை. அது தன்பாட்டில் கடற்கரைக்குப் போய் மீன் தலை தின்றுவிட்டு வரும்.

என்னைச் சோதித்தவர் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. நல்ல மாதிரி. நான் பாணும் ஜாமும் முடித்து ஆற்றங்கரைக்கு வந்தபோது பேனையைக் கீழே வைத்தார். காலையிலிருந்து அவர் அந்த ஆற்றங்கரைக்கு வருவது ஆறாவது தடவை. நாயின் பெயரைக் கேட்டார். டைகர் என்றேன். அவர் சிரித்தார். பிறகு, பாடமாக்காத ஒன்றை என் வாயிலிருந்து வரவைத்து எப்படியாவது சித்தியடையச் செய்யலாம் என்று நினைத்திருக்க வேண்டும். மெதுவாகக் கேட்டார்: உங்கள் கணவரோடு கடைசியாக எப்போது பேசினீர்கள்?

கேள்வி நன்றாக விளங்கியது. பேச்சையும் ஹேவ் பண்ண வேண்டும், பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. 'லாஸ்ட் நைட்' என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அதுவும் எனக்குத் தெரியும்.

நான் சொல்லவில்லை. அவர் இன்னும் மெதுவாகக் கேட்டார். பிறகு விளங்கவில்லை என்று நினைத்துக் கையைக் காதில் வைத்துப் போன் பேசுவது போலக் காட்டினார். அவர் கையை இறக்கும் வரைக்கும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி சொல்லி அனுப்பினார்.

அறிக்கை வந்துவிட்டது. சாதாரணக் கேள்விகளை விளங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை என்று அதில் இருக்கிறது. மற்ற ஆறு பேரும் சித்தி. நிரோஜினி பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டார். சேரின் வகுப்பில் நான்தான் முதல் தோல்வியாம். "இல்லாத நாய்க்குப் பேரும் வெச்சிட்டு வந்த ஆளு, ராத்திரி பேசின என்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமப் போச்சா?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டார். நோட்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

வரும்போது பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். நோட்ஸில் இருக்கும் கணவரைப் பற்றி நான் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்வேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அந்த அம்மா கேட்டது உங்களைப் பற்றி.

நாம் கடைசியாகப் பேசியது நோன்புக்கு முந்திய வெள்ளி. "பிறகு எடுக்கிறன்" என்றீர்கள். அதன்பிறகு இரண்டு பெருநாள் போய்விட்டது. நீங்கள் ஸலாம் சொன்னதாக மாமி கிழமைக்குக் கிழமை வந்து சொல்கிறார். அவருடைய போன் மூன்று கிழமையாகத் திருத்தக் கடையில் கிடக்கிறது. ஆனாலும் ஸலாம் தவறுவதில்லை. நானும் பதில் ஸலாம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றுகிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. அவரும் என்ன செய்வார்.

கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது. குசினிப் பக்கத்துத் தகரம் ஒன்று கழன்றது. நானே ஏறி ஆணி அடித்தேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மாமிக்கு முழங்கால் நோ, மற்றபடி சுகம். பெருநாளன்று உங்களுக்குப் போன் எடுத்தேன், மணி மட்டும் போனது. அழுகை வரும் என்று கதிரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. எழும்பி இறைச்சி பங்கு வைத்தேன்.

அடுத்த சோதனைக்கு ஜூலை பத்துக்கு முன் பதிய வேண்டும். படிவத்தில் என் பக்கத்தை நிரப்பிவிட்டேன். என்னை அழைப்பவர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அதை நான் நிரப்பப் போவதில்லை, நீங்கள் சொல்லாமல்.

வரவேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணம் கேட்கமாட்டேன். அங்கே வேறு ஒருவர் இருந்தால் அதையும் சொல்லலாம். மாமியிடம் பக்குவமாகச் சொல்வது என் பொறுப்பு. வாவென்றால் வருவேன், இன்னும் ஐந்து மாதம் படிக்கவும் தயார். இரண்டில் எதுவானாலும் உங்கள் வாயால் சொல்ல வேண்டும் மச்சான். அர்ஷாக்கிடம் சொல்லி அனுப்ப வேண்டாம்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும், என்னோடு இரண்டு நிமிடம் பேசுவதற்கு வேண்டிய தைரியத்தையும் தரவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மனைவி,
சனூஸா