கச்சாமி எந்தச் சாமி?

அண்ணே,

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கோட்டின் மேல் உட்கார வேண்டிய எழுத்துகள் கீழே தொங்குகின்றன. ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று இன்னும் விரலை மடக்கித்தான் எண்ணுகிறேன். இவ்வளவு எழுதவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆனால் யாரும் எழுதித் தரவில்லை. எழுபத்திரண்டு வயதில் நானே எழுதுகிறேன், அண்ணே! நானே!

நம் சந்தில் வயதானவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தரும் டீச்சரம்மா, கண்ணில் படும் போர்டையெல்லாம் படிக்கச் சொல்லியிருந்தார். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒக்கலிபுரத்துப் புத்தர் கோயிலுக்குப் போனேன். சுவரில் நீல வண்ணத்தில் தமிழில் எழுதியிருக்கும் வரிகளை இத்தனை வருடமும் நாம் கோலம் பார்ப்பது போலத்தான் பார்த்தோம். அன்றைக்கு ஒவ்வொன்றாகக் கூட்டினேன். க, ச், சா, மி. கச்சாமி! சத்தமாகவே படித்துவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது நம் காதில் விழுமே, அந்தக் கச்சாமி சாமி! ஸ்டேஷனில் மூட்டை இறக்கிய களைப்போடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நீதான் விளக்கினாய்.

“புத்தரு கண்ண மூடிக்கினு கீறாரு. நம்ம கஷ்டத்த யாரு கேக்கறது? அதுக்குத்தான்டா பக்கத்துல கச்சாமி சாமிய வெச்சிருக்காங்க.”

“ஆளு எப்டிண்ணே இருப்பாரு?”

“மீசை இருக்கும்,” என்றாய், சந்தேகமே இல்லாமல். “மூணு வரியிலயும் அவரு பேருதான் வருது பாத்தியா? பெரிய ஆளு.”

யாரிடமாவது கேட்டிருக்கலாம். சிரிப்பார்களோ என்று இருவருக்குமே வெட்கம்.

என் மனைவி போன பிறகு, மகனும் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் குடிபோன பிறகு, சாயங்காலமானால் எனக்கு நெஞ்சு கனக்கும். நீ வந்து கையைப் பிடித்து இழுத்துப்போய் அங்கே உட்கார வைப்பாய். “வாய்விட்டுச் சொல்லுடா, அவரு கேப்பாரு.” சொல்வேன். மெல்ல மெல்ல மூச்சு சீராகும். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கும்.

போன வருடம் ஆஸ்பத்திரியில், மூச்சு முட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானம், நீ என் கையைப் பிடித்துக்கொண்டு “கச்சாமி... கச்சாமி...” என்றாய். “மாத்தாட பேடி தாத்தா,” பேசாதீர்கள் என்று நர்ஸ் கன்னடத்தில் அதட்டினாள். நீ நிறுத்தினாய். சற்று நேரத்தில் மூச்சும் நின்றது.

அன்றிலிருந்து ஒரே கேள்வி என்னை அரித்தது. நீ அத்தனை தடவை கூப்பிட்டாயே, அந்தச் சாமி வந்தாரா? வராததால் பயந்துகொண்டே போனாயா? பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். போன ஞாயிறுதான் மறுபடி போனேன்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் கேட்டேன்.

“டீச்சரம்மா, கச்சாமிங்கறது எந்தச் சாமி?”

“சாமி இல்லீங்க தாத்தா. அது பாலி பாஷை. ‘போறேன்’னு அர்த்தம். ‘சரணம் கச்சாமி’ன்னா, அடைக்கலம் தேடிப் போறேன்.”

“யாரு போறது?”

“சொல்றவங்கதான்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில், ரயில் பாலத்தடியில், சட்டென்று நின்றுவிட்டேன். போறேன், போறேன் என்றல்லவா என் கையைப் பிடித்துச் சொன்னாய்! யாரோ வருவார் என்று நினைத்துத்தான் நீ கூப்பிட்டிருப்பாய். ஆனாலும் அந்த வார்த்தை உன்னைக் கைவிடவில்லை. என்னிடம் சொல்லிக்கொண்டு போக வைத்திருக்கிறது. அங்கேயே நின்று அழுதேன். ஒரு ஆட்டோக்காரர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கோயிலில் அந்த வரிகளைச் சொல்கிறேன். யார் கேட்கிறார் என்று தேடுவதில்லை. நான் போகிறேன், அவ்வளவுதான். நெஞ்சு லேசாக இருக்கிறது. அந்த மீசையை விடத்தான் மனமில்லை.

நேற்று அண்ணியிடமும் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“சோறு எடுத்தாரப் போன நேரத்துல உங்கிட்ட சொல்லிக்கினு போய்ட்டாரா? நாப்பது வருசம் ஆக்கிப் போட்டவ நானு!” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, “எழுதத்தான் கத்துக்கினியே, எழுது. நான் சொல்றேன்,” என்று ஆரம்பித்தாள்.

அண்ணே, இன்றைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் உன்னைத் திட்டும் வேகத்துக்கு என் கை ஓடவில்லை. கொஞ்சம் நிறுத்தி நிறுத்தித் திட்டு அண்ணி என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் வசவிலேயே இரண்டு எழுத்து எனக்கு எழுதத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பில் கேட்டுக்கொண்டு, வரும் வாரம் மிச்சத்தை எழுதுகிறேன்.