பச்சை விளக்கு

பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு, பெனிட்டா எழுதுவது. சேசுவுக்குத் தோத்திரம். நான் நலம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

போனில் சொன்னால் சிரித்தே பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஆபீசில் சின்ன விஷயம் ஒன்று. மீன்பிடி வள்ளங்களில் வைக்கும் புயல் எச்சரிக்கைப் பெட்டியின் மென்பொருளை நான்தான் சோதித்தேன். நாற்பது முறையில் ஆறு முறை எச்சரிக்கை வரவே இல்லை. அறிக்கையில் அப்படியே எழுதினேன். மேலாளர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "கொஞ்சம் பதமா எழுதும்மா, வாங்குறவங்க பயந்துடுவாங்க" என்றார். மூன்றாம் தடவை திருத்தியபோது அது, "சில சூழல்களில் தாமதமாகலாம்" என்று ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள், "நம்ம வள்ளத்துக்கும் அந்தப் பெட்டி வந்தாச்சு மக்கா. பச்சை வெளக்கு எரியுதுல்லா, பிறவு என்ன பயம்" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரிலிருந்து யாராவது வந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடுங்கள்.

பழைய ரேடியோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கடலுக்கு எடுத்துப் போங்கள். கோயில் மைக்கில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்தால் போகாதீர்கள். கூரியர் கடையை அடைக்கப் போகிறார்கள், முடிக்கிறேன்.

அறிக்கையில் எழுதாததை உங்களுக்கு எழுதுகிறேன் அப்பா. எச்சரிக்கை வராத அந்த ஆறு முறையும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

உங்கள் மகள்
பெனிட்டா