கரட் கழுவும் கல்

ஞாயிற்றுக்கிழமை

கொப்பியே, கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். இந்தக் கை இதுவரை மண்வெட்டி மட்டுமே பிடித்தது. ஆனால் இந்த வயதில் எழுத்துப் படித்த பிறகு சவர்க்கார உறையைக்கூட விடாமல் வாசிக்கிறேன். அவ்வளவு சந்தோஷம்.

இன்று காலை எங்கள் வீட்டில் காசு கொடுத்துத் தங்கும் விருந்தாளிகள் மலையில் நடக்கப் போனதும் குழாயடிக் கல்லில் பாசி சுரண்டினேன். நாங்கள் வருவதற்கு முன்பே கிடந்த கல். பத்து வருஷமாக என் சம்சாரம் ராசாத்தி அதில்தான் மருந்தடிக்காத எங்கள் கரட்டையும் லீக்ஸையும் விருந்தாளிகளுக்குக் கழுவுகிறாள். பாசிக்கு அடியில் எழுத்து இருந்தது. ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தேன்.

செல்லாயி. வயது ஆறு. இங்கே உறங்குகிறாள்.

எங்கள் ஆட்டின் பெயரும் செல்லாயி. ராசாத்தி வைத்தது. ஏன் அந்தப் பெயர் என்று அன்று கேட்டதற்கு, "கரட் கழுவுறப்ப தானா வாயில வந்துச்சுங்க" என்றாள். பிள்ளையில்லாத எங்களுக்கு அந்த ஆடுதான் மகள்.

எழுத்து அடியில் போகட்டும் என்று கல்லைப் புரட்டப் பார்த்தேன். அசையவில்லை. ராசாத்தி வந்துவிட்டாள்.

"என்னங்க வாத்தியாரே, கல்லுல என்ன எழுதியிருக்கு?"

"கொத்துனவன் பேரு, புள்ள."

"அதுக்கா இப்படி வேர்க்குது?" என்று சிரித்தாள்.

உண்மை தெரிந்தால் இங்கே ஒரு நாளும் இருக்கமாட்டாள். இந்த வயதில் எங்கே போவோம்?

சாப்பிடும்போது சொன்னாள்: "எனக்கும் எழுத்து சொல்லிக் குடுங்க. மொதல்ல செல்லாயி பேர எழுதணும்."

'அ' மட்டும் சொல்லிக் கொடுத்தேன். உடனே பிடித்துக்கொண்டாள். கரித்துண்டால் அடுப்படிச் சுவர் முழுக்க எழுதியிருக்கிறாள். அடுத்த ஞாயிறும் எழுதுவேன். அதுவரையாவது அவளை 'அ'விலேயே நிறுத்தி வைக்கவேண்டும்.