நீ முந்தி நுழையும் இடம்

அண்ணனுக்கு,

முன்னால் ‘அன்புள்ள’ என்று போட மனம் வரவில்லை. இங்கே அம்மா சுகம், என் வீட்டுக்காரர் சுகம், நானும் கல்லு மாதிரி இருக்கிறேன். உன் நலத்தைக் கேட்கப்போவதில்லை. வானொலியில் உன் பேட்டியைக் கேட்டோம். குரலுக்கு ஒரு குறையும் இல்லை. போனில் என்றால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிக்கலாம், ஆனால் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

பேட்டி எடுத்தவர் உன்னைப் பெரிய கலகக்காரன் என்றார். அம்மா சிரித்துவிட்டாள். பங்க் ராக் பாடகன் என்றால் கிழிந்த சட்டைதான் போடவேண்டும் என்று நீ கிழித்துக்கொண்டு வந்து நின்றபோது, கிழிசல் மேலும் பிரியாமல் ஓரம் தைத்துக் கொடுத்தவள் அவள்தானே. அதுவரை எல்லாம் சரி. அப்புறம் சொன்னாய்: “நாங்க நாலு பசங்க, ஒரு கார் ஷெட்டு, ஒரு ஓட்டை ஸ்பீக்கர். அவ்வளவுதான் எங்க பேண்டு.” நாலு பசங்களாம்! நீ, கிடார் வாசித்த நெட்டை, பேஸ் கிடார் வாசித்த சோடாபுட்டி. நாலாவது யார்? டிரம்ஸ் தன்னைத்தானே அடித்துக்கொண்டதா? அம்மா வானொலியை அணைத்துவிட்டு, “அப்ப நீ யாருடி?” என்று என்னைக் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் உன் கடிதம். பேண்டு மறுபடி சேர்கிறது, நம் ஊரிலேயே முதல் கச்சேரி, வீட்டாருக்கு முன்வரிசை நாற்காலி. டிரம்ஸுக்கு ஒரு இளைஞனைப் பிடித்திருக்கிறாயாம். எல்லாப் பாட்டும் அமைந்துவிட்டது, எல்லோருக்கும் பிடித்த அந்த ஒரு பாட்டு மட்டும் ஒத்திகையில் உட்காரவே மாட்டேன் என்கிறதாம். “நடுவுல ஒரு இடத்துல நீ என்னமோ பண்ணுவியே, அதைக் கொஞ்சம் எழுதி அனுப்பு” என்று கேட்டிருக்கிறாய். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா உனக்கு?

இவர் படித்துவிட்டு, “விடேன், உங்க அண்ணன்தானே” என்றார். வேறு யாராவது என்றால் விட்டிருப்பேன்.

சரி, கேட்டாய், சொல்கிறேன். அந்தப் பாட்டில் வாத்தியங்கள் எல்லாம் நின்று மறுபடி தொடங்கும் இடத்தில் நீ முந்திக்கொண்டு நுழைவாய். முதல் கச்சேரியிலேயே அப்படித்தான். நான் ஒரு அடியை விழுங்கிவிட்டு உன்னோடு வந்து சேர்ந்தேன்; மற்ற இருவரும் என்னைப் பார்த்துச் சமாளித்தார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. அந்தத் தடுக்கலைத்தான் இன்று புரட்சி, புதுமை என்று எழுதுகிறார்கள். அது உன் தப்பு, அண்ணா. ஒவ்வொரு கச்சேரியிலும் செய்த தப்பு. உனக்கு இன்றுவரை தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். இப்போது ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு அதே வேலைதான். கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கத்து பிரேக்கில் கால் வைத்திருப்பேன். பதற்றம் முதலில் தோளில் தெரியும். என் கால் அழுத்திவிடும். வண்டி நின்றதும் தாங்களே நிறுத்தியதாக நினைத்து என்னைப் பெருமையாகப் பார்ப்பார்கள். நானும் வாயைத் திறப்பதில்லை.

உன் புது ஆளைக் குறை சொல்லமாட்டேன். அவன் சரியாக வாசிக்கிறான், அதனால்தான் நீ மாட்டிக்கொள்கிறாய். எழுதி அனுப்பவும் வழியில்லை. கோபத்தில் ஒருமாதிரி முந்துவாய், கூட்டம் குறைவென்றால் வேறுமாதிரி. உன் பின்கழுத்தைப் பார்த்து அந்த நொடியில் பிடிக்கவேண்டும். அந்தக் கழுத்தைப் பார்த்தே என் இளமை போயிற்று. வெளிநாட்டு இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் கூப்பிட்டதும் “பொம்பளை டிரம்ஸ் வாசிச்சா வேடிக்கை பார்க்கத்தான் வர்றாங்க” என்று சொல்லி என்னைக் கழற்றிவிட்டாயே, அப்போதும் உன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேன் என்றும் நினைக்காதே.

முன்வரிசை நாற்காலியை யாருக்காவது கொடுத்துவிடு. கச்சேரி நாளுக்கு லீவு சொல்லிவிட்டேன். காலையிலேயே மண்டபத்துக்கு வருவேன். எல்லாப் பாட்டும் எனக்கு வேண்டாம், அந்த ஒன்று போதும். அதற்கு மட்டும் அந்தத் தம்பி எழுந்து இடம் கொடுக்கட்டும். முடியாது என்றால் அந்தப் பாட்டைப் பாடாதே. பாடினால் ஊரே பார்க்க மூக்கு உடைபடும். நான் சிரிக்கமாட்டேன், அம்மாவுக்குத்தான் தாங்காது.

தொண்டையைப் பார்த்துக்கொள். அந்த இடம் வரும்போது எண்ணிக்கொண்டு நிற்காதே, திருத்திக்கொள்ளவும் வேண்டாம். எப்போதும்போல முந்திக்கொண்டு நுழை. நான் பின்னால் இருக்கும்வரை அது தப்பில்லை.

இப்படிக்கு,
உன் டிரம்மர்.
தங்கை என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.