கப்பல் ஏறாத அம்மா

உன் அம்மாவை நாடு கடத்தியது விழுப்புரத்துப் பத்திரிகை ஒன்று.

நேற்று உன் அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலிச் சாடி என் மேசைமேல் இருக்கிறது. உப்பில் மாதக்கணக்காக ஊறிய மீனின் வாசனை அறை முழுக்க நிற்கிறது. சைகோனில் கற்ற பக்குவம். இந்த வாசனையைச் சொல்லித்தான் திண்டிவனத்தில் உங்களுக்கு வீடு தர மறுத்தார்கள். அவர்களைப் பற்றி நீ எழுதவில்லை. சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்த கோட்டக்குப்பத்துக்காரருக்கும் வியட்நாம்காரிக்கும் பிறந்த நீ, எழுதிய ஒரே கதையில் அம்மாவைத்தான் எழுதினாய். புருஷன் செத்த பிறகும் இங்கேயே இருந்து, தெருக்குழாயில் வரிசைக்காகச் சண்டை போடும் அம்மா. குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றுகிறாள், கதை முடிகிறது.

அச்சில் வந்தபோது கடைசிப் பத்தியில் அவள் அழுதுகொண்டே கப்பல் ஏறிப் போனாள்.

பஸ் பிடித்து இருவரும் விழுப்புரம் போனோம். பத்திரிகை ஆசிரியர் டீ வரவழைத்தார்.

"கதைன்னா ஒரு முடிவு வேணும்பா. அந்தம்மா இங்கியே இருந்துக்கினா அதுல இன்னா சோகம் இருக்குது?"

"யாரும் பாத்து அழுவுறதுக்காவ எங்கம்மா இங்க இல்லீங்க" என்றாய். அடுத்த இதழில் உன் முடிவைப் போடச் சொன்னாய்.

அவர் சிரித்தார். இரண்டு நாட்டு ரத்தம் உள்ளவர்களை அவர் கதைகளில்தான் பார்த்திருந்தார். கதைகளில் அவர்கள் சாக வேண்டும், இல்லையென்றால் போய்விட வேண்டும். ரேஷன் கடையில் நிற்கக் கூடாது.

தெருவில் அது கேலியாயிற்று. குழாயடியில் எதிர்வீட்டுக்காரி கேட்டாள்: "இன்னா ஆயா, கப்பல் ஏறிட்டேன்னு பொஸ்தவத்துல போட்டுக்கிறான், இன்னும் கொடத்தத் தூக்கிக்கினு நிக்கிற?"

"கப்பலுக்கும் தண்ணி வேணும்டி. நவுரு" என்றார் அம்மா. நீ சிரித்தாய். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கோடையில் மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. உன்னைக் குளிப்பாட்டிய தண்ணீரை அந்தக் குழாயிலிருந்து சுமந்து வந்தவர் அம்மா. பத்திரிகையில் அஞ்சலி போட்டார்கள்: 'தாய் தன் நாடு திரும்பியபின் ஏக்கத்திலேயே வாழ்ந்தவர்.' யாரும் வந்து விசாரிக்கவில்லை. கதையில் தாங்களே எழுதிய பொய்யை வாழ்க்கைக்கும் எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் எங்கடா போயிட்டனாம்?"

மறுநாள் என்னோடு விழுப்புரம் வந்தார். ஆசிரியரின் மேசைக்கு முன்னால், காட்டிய நாற்காலியில் உட்காராமல் நின்று பேசினார். ஆசிரியர் அச்சுப்படியைத் திருத்துவதுபோல் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு இதழ்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உன் முடிவு வரவில்லை. ஒவ்வொரு இதழும் வந்ததும் நான் பஸ் ஏறிப் போய், அம்மா நின்ற இடத்தில் நின்று, அம்மா சொன்னதையே சொல்கிறேன். ஆசிரியர் இன்னும் குனிந்துதான் இருக்கிறார்.

"எம்புள்ள என்னை எங்க நிறுத்தனானோ, அங்கியே நிறுத்து."