ஓர்க்கிட்டுகள் நித்திரை கொள்ளும் அறை

மச்சாள்,

இன்று உங்கள் செடித் தட்டைத் தூசு துடைக்கப் போன இடத்தில், விளக்குகளைக் கட்டின பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றின் வால் முழங்கைக்குக் கீழே நன்றாகக் கீறிவிட்டது. இரத்தம் பெரிதாக வரவில்லை, எரிச்சல்தான் கூட. வால்களை ஒட்ட வெட்டிவிடுவோம் என்று கட்டின அன்றைக்கே சொன்னேன். நீங்கள் விடவில்லை. பிறகு கழற்ற வேண்டி வந்தால் பிடித்து இழுக்க ஒன்று வேண்டாமா என்று கேட்டீர்கள். ஒருமுறை இறுக்கினால் அது கழலாது, வெட்டத்தான் வேண்டும் என்று விளங்கப்படுத்தி என் வாய் களைத்ததுதான் மிச்சம். இப்போது நாலு தட்டிலும் அந்த வால்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. துடைத்தது பாதி, துடைக்காதது பாதியாக விட்டுவிட்டு உங்கள் கட்டிலில் இருந்துவிட்டேன். இன்று ஞாயிறு, வேலை இல்லை. இருந்தும் எழும்பி நிற்கவே மனம் வரவில்லை.

உங்கள் கணவர் காலமான பிறகு, ஜெர்மனியை விட்டுக் கிங்ஸ்பரிக்கு எங்களோடு இருக்க வந்தீர்கள். உங்கள் தம்பி, அதாவது என் மனுசன், உங்களுக்குப் பின்பக்கத்து அறையைத் தந்தார். தர வேறு அறை இருக்கவில்லை. அதன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் அங்கே மாலை ஆறு மணி போலத்தான் இருக்கும். அந்த அறைக்குள் நீங்கள் ஓர்க்கிட் வளர்க்க வெளிக்கிட்டீர்கள்.

எல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர் செடிகள். சூப்பர் மார்க்கெட்டில் பூ உதிர்ந்து வெறும் தடியோடு நிற்பவற்றை விலை குறைத்து ஓர் ஓரத்தில் தள்ளி வைப்பார்கள் அல்லவா, அங்கேதான் உங்கள் கண் போகும். பால் வாங்கப் போனால் பாலை மறந்து செடியோடு வருவீர்கள். ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தீர்கள். இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்தன. இதுகளுக்கு வெளிச்சம் காணாது என்று நான் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டீர்கள். வினை அங்கே தொடங்கியது.

கடையில் விளக்குப் பூட்டிய தட்டு ஒன்றின் விலையைப் பார்த்தோம். இருவரும் பேசாமல் திரும்பி வந்தோம். அடுத்த வாரமே, வீடு மாறிப் போன யாரோ நடைபாதையில் விட்டுப்போன நாலடுக்கு இரும்புத் தட்டு ஒன்றை நீங்கள் கண்டுபிடித்தீர்கள். நான் முன்னால், நீங்கள் பின்னால், குளிர் ஜாக்கெட்டோடு இரண்டு தெரு தூக்கி வந்தோம். வேலையால் வந்த களை ஆறவில்லை எனக்கு. வழி முழுக்க முணுமுணுத்தேன். நீங்கள் காது கேளாதவர் போல வந்தீர்கள்.

முதலில் வாங்கிய விளக்குகள் ஊதா நிறம். செடிக்கு அதுதான் நல்லது என்று பெட்டியில் போட்டிருந்தது. திரைச்சீலை ஊடாக அந்த வெளிச்சம் பக்கத்து வீட்டுச் சுவரில் பட்டுத் தெறிக்க, உங்கள் தம்பி வெளியே போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். இந்த ஊரில் ஜன்னலில் ஊதா வெளிச்சம் தெரிந்தால் கஞ்சாத் தோட்டம் என்றுதான் நினைப்பார்கள், பொலிஸ் வந்தால் யார் பதில் சொல்வது என்று கத்தினார். அடுத்த நாளே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. குழல் விளக்குகள் வாங்கினோம். ஒவ்வொரு தட்டின் அடியிலும் ஒவ்வொன்றைக் கேபிள் டையால் கட்டினோம். இலைக்கும் விளக்குக்கும் இடையில் ஒரு சாண் இருக்க வேண்டும் என்று நீங்கள் கையை விரித்து விரித்து அளந்தீர்கள். பின்பக்கத்துக்கு, கட்லட் சுற்றுகிற அலுமினியத் தாள். கேக் அடிக்கும் தட்டங்களில் கூழாங்கல்லும் தண்ணீரும். வேர் தண்ணீரில் படாமல் சாடிகள் உயர்ந்து நிற்க, என் இடியப்பத் தட்டுகளைக் கேளாமல் எடுத்துக் கவிழ்த்து வைத்தீர்கள். அதன் பிறகு இந்த வீட்டில் நாங்கள் புட்டுத்தான் சாப்பிட்டோம்.

ஒரு வருடம் போனது. இலைகள் கரும்பச்சையாக, நீளமாக, தளதளவென்று வளர்ந்தன. பூ மட்டும் வரவில்லை.

காரணம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட்டுக்கு நான் எழும்பும் நேரத்திலெல்லாம் உங்கள் கதவின் கீழே வெளிச்சம் தெரியும். மறந்துபோய் விட்டுவிட்டீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் கதவைத் தள்ளிப் பார்த்தேன். நாலு விளக்கும் எரிய, வெளிச்சத்தின் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். உங்களுக்கு இருட்டில் படுக்க ஏலாது என்று அப்போதுதான் விளங்கியது. ஏன் என்று நான் கேட்கவில்லை. போருக்குத் தப்பி வந்த எங்கள் ஆட்களிடம் அப்படியான கேள்விகளை யாரும் கேட்பதில்லை.

செடிக்கடையில் நின்ற பெடியனிடம் பூ வராத கதையைச் சொன்னேன். எத்தனை மணித்தியாலம் விளக்கு எரிகிறது என்று கேட்டான். நாள் முழுக்க என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அதுகளுக்கும் இருட்டு வேண்டும், நித்திரை இல்லாமல் எப்படிப் பூக்கும் என்றான். ஒரு டைமரையும் எடுத்துத் தந்தான். அதை உங்கள் மேசையில் வைத்து, அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அப்ப ஒரு வருசமா இதுகள் என்னாலையோ நித்திரை கொள்ளேல்லை?" என்று கேட்டீர்கள்.

சின்னதாக ஒரு படுக்கை விளக்குப் போடுவோம், அல்லது தட்டைப் போர்வையால் மூடுவோம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அரைகுறை வேலை வேண்டாம் என்றுவிட்டீர்கள். டைமரை நீங்களே செருகினீர்கள். பிறகு, என்னைப் பாராமல், "முதல் கொஞ்ச நாளைக்கு மட்டும் நீர் வந்து பக்கத்திலை இரும். பிறகு பழகீடும்" என்றீர்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வரும் போல இருந்தது. இரக்கத்தில் இல்லை, அலுப்பில். பகல் முழுக்க வயதானவர்களைத் தூக்கி, குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றிவிட்டு வந்தால், வீட்டில் சமையல். அதற்கு மேல் இதுவுமா என்று இருந்தது. ஆனாலும் வந்து இருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்து சிறிது நேரத்தில் டைமர் 'டக்' என்னும். அறை இருண்டுவிடும். உங்கள் கை என் இரண்டு விரல்களைத் தேடிப் பிடிக்கும். மூச்சு வேகமாக வரும். நான் கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசுவேன், நீங்களும் ஒரு சொல் இரண்டு சொல் சொல்வீர்கள். பிடி மெல்ல மெல்ல இளகும்.

பல நாட்களில் முதலில் நித்திரையானது நான்தான். இருந்த இருப்பில் தலை சரிந்துவிடும். நீங்கள் தோளில் தட்டி, எழும்பிப் போய்ப் படும், காலையில் வேலையல்லவா என்பீர்கள். கொஞ்ச நாள் என்றது ஒரு பனிக்காலம் முழுக்க நீண்டது. நான் வரத் தேவையில்லை என்பது கடைசியில் இருவருக்கும் தெரியும். நீங்களும் சொல்லவில்லை, நானும் நிற்பாட்டவில்லை. இந்த வீட்டில் என்னிடம் யாரும் எதுவும் கேட்காத இடம் அது ஒன்றுதான்.

பனி குறையத் தொடங்கிய நேரம், ஒரு செடியில் பூந்தண்டு வந்தது. மொட்டு விரியத்தான் எவ்வளவு காலம் எடுத்தது! விரிந்ததைப் பார்த்தால், சூப்பர் மார்க்கெட்டில் எப்போதும் நிற்கிற அதே கத்தரிப்பூ நிறம். உங்கள் தம்பி குனிந்து பார்த்துவிட்டு, இதைக் கடையிலேயே வாங்கியிருக்கலாமே என்று சொல்லிக்கொண்டு போனார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரைக்கேறிவிட்டது.

அடுத்த பனிக்காலம் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வாட்டில் ஆறு கட்டில். நடுவில் தாதிமாரின் மேசை, அதற்கு மேல் எந்நேரமும் எரிகிற விளக்குகள். வேலையால் நேரே வந்து உங்கள் பக்கத்தில் இருந்தேன். மூக்கில் இருந்த ஒட்சிசன் குழாய்க்கு மேலால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"பிள்ளை, லைற்றை நூரும். இந்த வெளிச்சத்துக்கை எப்பிடி நித்திரை வரும்?"

எழும்பிப் போய், விளக்கை அணைக்க முடியுமா என்று தாதியிடம் கேட்டேன். கட்டிலுக்கு மேல் இருந்ததை அணைத்துவிட்டாள். மற்றவை மற்ற நோயாளிகளுக்கு வேண்டும், அணைக்க முடியாது என்று மன்னிப்புக் கேட்டாள். அவளில் பிழை இல்லை. திரும்பி வந்து, வேறு வழி தெரியாமல், என் உள்ளங்கையைக் குவித்து உங்கள் இரண்டு கண்களையும் பொத்தினேன்.

"நூத்திட்டீரோ?"

"ஓம் மச்சாள். நூத்திட்டன்."

உங்கள் இமை மயிர்கள் என் உள்ளங்கையில் சில தடவை அடித்தன. பிறகு அசையவில்லை. நித்திரையாகிவிட்டீர்கள். எனக்குத் தோள்மூட்டிலிருந்து கை உளையத் தொடங்கியது. மாற்றிப் பிடித்தால் வெளிச்சம் பட்டு விழித்துவிடுவீர்கள் என்று அப்படியே வைத்திருந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அந்தக் கை உளைவு இன்னும் முழுதாகப் போகவில்லை, மச்சாள். வேலையில் தூக்குவதால் என்று டொக்டர் சொல்கிறார், இருக்கலாம். களைத்து வந்து படுக்கும்போது அதே கையைத்தான் என் கண்ணுக்கு மேலும் வைத்துக்கொள்கிறேன்.