ஒரு சாயம் குறைந்த நீலம்

ஜூன் 12

அன்புத் தங்கைக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதமென்றால் முழுதாய்ப் படித்துவிட்டுத்தானே திட்டமுடியும்?

கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள், நம் மொழி சரியாக வராதவர்கள், சீருடை இல்லாமல் கூசி நிற்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். என் துணிக்கடையிலிருந்து இருபத்திரண்டு செட் அனுப்பினேன். இடுப்பு வலியோடு நானே வெட்டிய துணி. தலைமை ஆசிரியையான உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. மாலை கேட்கவில்லையம்மா, வந்து சேர்ந்தது என்றாவது சொல்லலாம்.

உன் அண்ணன்

ஜூன் 20

அன்புள்ள அண்ணா,

சொல்லாதது தப்புதான். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் போனை வைத்தேன்.

நீங்கள் அனுப்பியது பழைய லாட் துணி. மற்ற பிள்ளைகளின் நீலத்தைவிட ஒரு சாயம் குறைச்சல். வகுப்புக்குள் தெரியவில்லை. காலையில் மைதானத்தில் வெயில் பட்டதும் இருபத்திரண்டு பேரும் தனியாகத் தெரிகிறார்கள். வரிசையைக் கலைத்து நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் தெரிகிறது. மற்ற பிள்ளைகள் அவர்களை ‘வெளுப்பு’ என்று கூப்பிடுகிறார்கள். முன்பெல்லாம் இப்படிப் பெயர் வைக்காமலாவது இருந்தார்கள்.

ஒரு சிறுமி புத்தகப் பையை மார்போடு அணைத்தபடியே நிற்கிறாள். கை வலிக்கும், இறக்கி வை என்றேன். “வலிச்சாலும் பரவால்ல டீச்சர், சட்டை தெரியாதுல்ல” என்றாள். நம் மொழியில் அவள் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம் அது.

‘எல்லாப் பண்பாடும் நம் பண்பாடே’ என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதன் கீழேதான் அவள் நிற்கிறாள். அலுப்பாக இருக்கிறது அண்ணா.

தங்கை

ஜூலை 1

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. அந்த வித்தியாசம் முப்பது வருடம் துணி பார்த்த என் கண்ணுக்கே மட்டுமட்டாகத்தான் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியுமாக்கும் என்று நினைத்தேன். நீ சொல்வது பொய்யென்று காட்ட, அதே லாட்டில் ஒரு செட்டை மகளிடம் கொடுத்து, நாளைக்குப் பேத்திக்குப் போட்டு அனுப்பு என்றேன். உன் பள்ளியில்தானே படிக்கிறாள்.

மகள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள். மடித்து என் மடியில் வைத்தாள்.

“வேண்டாம்ப்பா. இதப் போட்டா இவளையும் அவங்க வீட்டுப் பிள்ளைன்னு நெனச்சுடுவாங்க.”

நான் வளர்த்த பெண். வியாபாரி உண்மையை மறைத்தால் சரக்கு காட்டிக்கொடுத்துவிடும், அதனால் சொல்லிவிடுகிறேன். பழைய லாட் என்று தெரிந்துதான் வெட்டினேன். ‘அவர்களுக்கு இது போதும்’ என்று நினைத்துத்தான் வெட்டினேன். மகள் சொன்னது வேறெங்கும் கற்றதல்ல.

புது லாட்டில் இருபத்திரண்டு செட் தைக்கக் கொடுத்துவிட்டேன். துணி பற்றவில்லை, பேத்திக்கு ஒதுக்கியதையும் சேர்த்துவிட்டேன், அவள் இந்த வருடம் போன வருடச் சட்டையைப் போடுவாள். மகள் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை.

உன் அண்ணன்

ஜூலை 9

அன்புள்ள அண்ணா,

செட் வந்தது. இன்று வெயில் நன்றாக அடித்தது. பத்தொன்பது பேரைத் தேடினேன், கண்டுபிடிக்க நேரமானது. ஆனாலும் ‘வெளுப்பு’ என்ற பெயர் போகவில்லை. அது போக நாளாகும்.

பையை அணைத்து நின்ற சிறுமி இல்லை. கட்டட வேலை முடிந்ததால் அவள் குடும்பம் போன வாரமே கிளம்பிவிட்டது. நம் பள்ளியில் படித்த அவள் தம்பிகள் இருவரும் கூடவே போய்விட்டார்கள். எந்த ஊருக்கென்று யாருக்கும் தெரியவில்லை. போகும்போதும் அந்தப் பழைய லாட் சட்டையைத்தான் போட்டிருந்தாளாம். மீந்த மூன்று செட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தங்கை

ஜூலை 13

அன்புத் தங்கைக்கு,

மூன்று செட்டையும் உனக்கே திரும்ப அனுப்புகிறேன். கடையில் வைத்தால் விற்றுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

உன் அலமாரியில் இருக்கட்டும். அடுத்த வேலைக்கு அடுத்த குடும்பங்கள் வரும். வந்த பிறகு நீ என்னிடம் கேட்டு, நான் மூலையில் என்ன கிடக்கிறது என்று தேடுவது இனி வேண்டாம்.

அளவு பெரிதாக இருந்தால் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொள்ளலாம். நிறத்துக்கு அப்படியொரு வழி, இத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை.

உன் அண்ணன்